கார்களில் வசதி பெருகுது, கவனம் குறையுது! பூட்டிய கதவும், மடியில் குழந்தையும் உயிரைப் பறிப்பது எப்படி?

சென்னை,-

புது கார் வாங்கியதும் பல்லவன் சாலையில் உள்ள பாடிகாட் முனீஸ்வரர் கோவிலுக்கு ஓட்டிச்சென்று பூஜை போடுவது சென்னைக்காரர்களின் வழக்கம். மாலை போடுகிறார்கள். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். திருஷ்டி கழித்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்புகிறார்கள்.

ஆனால் அந்த காரின் பின்கதவு ஓரத்தில் குழந்தைகளுக்காகவே ஒரு தனி பூட்டு இருக்கிறது என்பது எத்தனை பேருக்கு தெரியும்?

முன்பெல்லாம் கார் கண்ணாடியை இறக்க கைப்பிடியை சுற்ற வேண்டும். 4 கதவையும் தனித்தனியாக பூட்ட வேண்டும். இப்போது ஒரு பட்டனை தட்டினால் போதும். 4 கதவும் ஒன்றாக பூட்டிக்கொள்ளும். கண்ணாடி தானாக ஏறும். ஏ.சி. குளுகுளு என்று வீசும். பழைய கார் மார்க்கெட்டில் வாங்குகிற வண்டியிலும், வாடகை காரிலும் இந்த வசதிகள் வந்துவிட்டன.

வசதி நல்லதுதான். கையாளத் தெரியாவிட்டால் அதுவே எமன்.

7 பிஞ்சுகள்

2022-ம் ஆண்டு ஜூன் மாதம் நெல்லை மாவட்டம் பணகுடி அருகே லெப்பை குடியிருப்பில் நடந்த பரிதாபம் பலருக்கு நினைவு இருக்கும். வீட்டு அருகே நின்ற காருக்குள் ஏறி விளையாடிய 3 குழந்தைகள் வெளியே வர முடியாமல் இறந்தார்கள்.

2025-ம் ஆண்டு மே மாதம் ஆந்திர மாநிலம் விஜயநகரம் மாவட்டம் துவாரபூடி கிராமத்தில் இதேபோல 4 குழந்தைகள் பலியானார்கள்.

இந்த 2 சம்பவங்களிலும் ஒரு ஒற்றுமை உண்டு. பெற்றோர் யாரும் குழந்தையை காரில் விட்டுவிட்டு கடைக்கு போகவில்லை. தெருவில் நின்ற கார் பூட்டப்படாமல் இருந்தது. குழந்தைகள் தாங்களே கதவை திறந்து ஏறினார்கள். பிறகு திறக்க முடியவில்லை.

"எங்க வீட்டுல சின்னப்பசங்க இல்லை, நமக்கு என்ன?" என்று கார்க்காரர் யாரும் இருந்துவிட முடியாது. தெருவில் விளையாடுவது பக்கத்து வீட்டு பிள்ளைகள்தானே!

வெயில் செய்யும் வேலை

இப்படி இறப்பவர்களை "மூச்சுத்திணறி பலி" என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் மூடிய காரில் பெரும்பாலும் முந்திக்கொள்வது வெப்பம். கண்ணாடி வழியாக வெயில் உள்ளே போகிறது. சூடு வெளியே வர வழி இல்லை.

இதுபற்றி அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி 2005-ம் ஆண்டு வெளியானது. நிறுத்திவைத்த காருக்குள் 1 மணி நேரத்தில் சுமார் 22 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் கூடியது. அதில் 5-ல் 4 பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியை கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய பலன் இல்லை.

சென்னையில் வெளியே 38 டிகிரி வெயில் என்றால், உள்ளே என்ன ஆகும் என்று கணக்கு போட்டுக்கொள்ளலாம். சிறு குழந்தையின் உடம்பு பெரியவர் உடம்பைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாக சூடேறும். "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மருந்துக்கடைக்கு போனவர் அங்கே கூட்டத்தில் மாட்டிக்கொண்டால், கதை முடிந்தது.

ஏன் திறக்கவில்லை?

குழந்தை பூட்டு என்பது பின்கதவை திறந்தால் ஓரத்தில் தெரியும் சிறிய நெம்பு. அதை தள்ளிவிட்டால் கதவை உள்ளே இருந்து திறக்க முடியாது. வெளியே இருந்து மட்டுமே திறக்கலாம். ஓடுகிற காரில் குழந்தை கதவை திறந்து விழாமல் இருக்க செய்த ஏற்பாடு இது.

அதே பூட்டு நின்ற காரில் சிறையாகிவிடுகிறது. பின்சீட்டில் இருக்கும் குழந்தை எவ்வளவு இழுத்தாலும் கதவு அசையாது. முன்கதவுக்கு இந்த பூட்டு கிடையாது என்பது அதற்கு தெரியாது.

இதை குழந்தைகளுக்கு சொல்லித்தர 10 நிமிடம் போதும். மாட்டிக்கொண்டால் முன்சீட்டுக்கு தாவி வர வேண்டும். முன்கதவை திறந்து பார்க்க வேண்டும். முடியாவிட்டால் ஆரனை விடாமல் அழுத்த வேண்டும். பெரும்பாலான கார்களில் சாவி போடாவிட்டாலும் ஆரன் அடிக்கும்.

மடியில் குழந்தை

முன்சீட்டில் அம்மா, மடியில் குழந்தை. நகரில் எந்த சிக்னலிலும் இந்த காட்சியை பார்க்கலாம். பாசமாக தெரியும். ஆபத்து அதில்தான் இருக்கிறது.

டிரைவர் பக்கம் ஏர்பேக் 2019-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி முதல் கட்டாயம் ஆனது. பிறகு பக்கத்து சீட்டுக்கும் வந்தது. மோதிய வேகத்தில் இந்த காற்றுப்பை கண் இமைப்பதற்குள் விரியும். அதன் வேகம் மணிக்கு சுமார் 300 கிலோ மீட்டர். பெல்ட் போட்டு, முதுகை சாய்த்து உட்கார்ந்த பெரியவரை காப்பாற்ற செய்தது அது. மடியில் இருக்கும் குழந்தை, பைக்கும் தாய்க்கும் நடுவில் நசுங்கும்.

நவி மும்பை வாஷியில் 2024-ம் ஆண்டு டிசம்பரில் நடந்த விபத்தில், முன்சீட்டில் இருந்த 6 வயது சிறுவன் ஏர்பேக் விரிந்து தாக்கியதில் இறந்தான்.

12 வயது வரை பின்சீட்டுதான் பத்திரம். டாஷ்போர்டு மேல் காலை நீட்டி தூங்குவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பை விரிந்தால் கால் எலும்பு தாங்காது.

பெல்ட்டை ஏமாற்றும் கிளிப்

பெல்ட் போடாவிட்டால் கார் "டிங் டிங்" என்று கத்தும். அதை நிறுத்த ஒரு போலி கிளிப் விற்றார்கள். சொருகிவிட்டால் சத்தம் நிற்கும். பெல்ட் போட்டதாக காரும் ஏமாந்துவிடும்.

2023-ம் ஆண்டு மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 5 ஆன்லைன் வியாபார நிறுவனங்களுக்கு இதை விற்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. 13 ஆயிரத்து 118 விளம்பரங்கள் நீக்கப்பட்டன. இத்தனை பேர் இதை விற்றார்கள் என்றால் வாங்க ஆள் இருந்தது என்றுதானே அர்த்தம்!

பின்சீட்டுக்கு பெல்ட் வேண்டாம் என்று நினைப்பவர்கள் தொழில் அதிபர் சைரஸ் மிஸ்திரியை நினைத்துப்பார்க்க வேண்டும். 2022-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந்தேதி பால்கர் அருகே அவரது கார் பாலத்தின் தடுப்பில் மோதியது. முன்சீட்டில் பெல்ட் போட்டிருந்த 2 பேரும் காயத்தோடு தப்பினார்கள். பின்சீட்டில் பெல்ட் போடாத 2 பேரும் இறந்தார்கள். மிஸ்திரி அவர்களில் ஒருவர்.

பின்சீட்டிலும் பெல்ட் அணிய வேண்டும் என்பது சட்டம். மோட்டார் வாகன சட்டம் 194-பி பிரிவின்படி அபராதம் 1,000 ரூபாய். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு பெல்ட் போடாமல் ஓட்டினாலும் இதே அபராதம் உண்டு.

கண்ணாடியும், கூரையும்

பட்டன் கண்ணாடி மேலே ஏறும்போது தலையோ, விரலோ குறுக்கே வந்தால் தானாக இறங்கும் வசதி எல்லா காரிலும் இல்லை. பல கார்களில் டிரைவர் கண்ணாடிக்கு மட்டுமே உண்டு. வேடிக்கை பார்க்க குழந்தை தலையை நீட்டும். அதன் முட்டியே பட்டனை அழுத்திவிடும். டிரைவர் கதவில் உள்ள 'லாக்' பட்டனை அழுத்தி வைத்தால் இந்த வம்பே இல்லை.

கூரையை திறந்து பிள்ளையை நிற்க வைப்பதும் இப்போது நாகரிகமாகிவிட்டது. 2025-ம் ஆண்டு செப்டம்பரில் பெங்களூரில் அப்படி நின்ற சிறுவன், சாலையின் குறுக்கே இருந்த உயரத்தடுப்பில் தலை மோதி காயம் அடைந்தான்.

ஏ.சி. தூக்கம்

சவாரி கிடைக்கும்வரை ஏ.சி.யை போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு தூங்கும் டிரைவர்கள் பலர். என்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது. நிறமும் கிடையாது. புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலோ, வண்டி தரைத்தள பார்க்கிங்கில் நின்றாலோ அது உள்ளே புகும். தூங்குபவர் எழுந்திருக்க மாட்டார்.

கேரள மாநிலம் வடகரையில் 2024-ம் ஆண்டு டிசம்பரில் கேரவன் வண்டிக்குள் 2 பேர் பிணமாக கிடந்தது இப்படித்தான். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை உள்ளே கசிந்திருந்தது.

தூங்கத்தான் வேண்டும் என்றால் என்ஜினை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, நிழலில் தூங்கலாம். கொசு கடிக்கும், உயிர் இருக்கும்.

கண் எங்கே?

புது கார்களில் பாட்டும், ஏ.சி.யும் தொடுதிரைக்கு போய்விட்டன. பழைய திருகுகளை கண்ணால் பார்க்காமலே கை தேடிப்பிடிக்கும். திரையை பார்த்துத்தான் தொட வேண்டும்.

2022-ம் ஆண்டு சுவீடன் நாட்டு மோட்டார் பத்திரிகை ஒன்று சோதனை நடத்தியது. 2005-ம் ஆண்டு மாடல் காரில் 10 வினாடியில் முடிந்த 4 வேலைகளுக்கு, தொடுதிரை கார் ஒன்றில் 44 வினாடிக்கு மேல் ஆனது.

60 கிலோ மீட்டர் வேகத்தில் 2 வினாடி கண்ணை திருப்பினால் கார் 110 அடி தூரம் குருடாக ஓடிவிடும். அந்த தூரத்துக்குள் பஸ்சுக்கு ஓடுகிறவர் எத்தனை பேர் குறுக்கே வருவார்கள்! ஏ.சி., பாட்டு எல்லாவற்றையும் வண்டி கிளம்பும் முன்பே சரி செய்துகொள்ள வேண்டும்.

செலவு இல்லை

இவை எதற்கும் காசு வேண்டாம். தெருவில் காரை நிறுத்தினால் எப்போதும் பூட்ட வேண்டும். சாவியை குழந்தை கைக்கு எட்டாமல் மாட்ட வேண்டும். இறங்கியதும் பின்சீட்டை ஒருமுறை திரும்பிப்பார்க்க வேண்டும். பெரியவர் காலடியில் உருளும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துவிட வேண்டும். அது பிரேக்குக்கு அடியில் சிக்கினால் பிரேக் பிடிக்காது.

புது கார் கொடுக்கும்போது இனிப்பு தந்து, போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். குழந்தை பூட்டு எங்கே, கண்ணாடி 'லாக்' எது என்று காட்டினால்தான் சாவியை வாங்குவேன் என்று வாங்குபவர்தான் கேட்க வேண்டும். பழைய கார் வாங்குபவர் புரோக்கரிடம் கேட்கலாம். காணாமல் போன குழந்தையை தேடும்போது கிணறு, குட்டைக்கு முன்பாக தெருவில் நிற்கும் கார்களை முதலில் திறந்து பார்க்க வேண்டும்.