சந்தடியின்றி வரும் சதையிப் புற்றுநோய்



புற்றுநோய் என்றதும் மார்பகம், கருப்பை, வாய் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. சதையியைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. கணையம் என்றும் அழைக்கப்படும் இவ்வுறுப்பு, இரைப்பைக்குப் பின்னால் குறுக்காக அமைந்திருக்கிறது. நீளம் ஏறத்தாழ 15 சென்றிமீற்றர். உணவைச் செமிக்கச் செய்யும் நீரைச் சுரப்பதும், இரத்தத்திலுள்ள சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைத் தருவதும் இதன் வேலை.

இது வயிற்றின் ஆழத்தில் மறைந்திருப்பதால், கட்டி வளர்ந்தாலும் கைக்குத் தட்டுப்படுவதில்லை. வலியும் பெரும்பாலும் பிந்தியே வருகிறது. நோய் தெரியவரும்போது அநேகருக்கு அது வேறு இடங்களுக்கும் பரவியிருக்கும். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, அந்நாட்டில் இந்நோய் கண்டவர்களில் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்வோர் நூற்றுக்கு 13 பேர் அளவிலேயே உள்ளனர். மார்பகப் புற்றுநோயில் இத்தொகை 90ஐத் தாண்டுகிறது.

நோய்க்குறி இல்லாத எல்லோரையும் சோதித்து, ஆரம்பத்திலேயே இதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை இன்னும் இல்லை. ஆகவே வருமுன் காப்பதுதான் நமக்குள்ள பெரிய வழி. வயதும் பரம்பரையும் நம் கையில் இல்லை. ஆனால் கீழ்வருவன நம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

புகையிலை

சிகரட், பீடி புகைப்பவருக்கு இந்நோய் வரும் அபாயம், புகைக்காதவரைவிட ஏறத்தாழ இரு மடங்கு. "இது ஆண்களின் பிரச்சினைதானே" என்று நாம் இருந்துவிட முடியாது. உம்மம்மாவின் வெற்றிலைத் தட்டத்தில் கிடக்கும் புகையிலைத் துண்டும் இதில் சேர்ந்ததே. மெல்லும் புகையிலையும் சதையிப் புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் முடிவு செய்துள்ளது. புகையிலையை நீக்கினாலும் பாக்கு வாய்ப் புற்றுநோயைத் தரும். எனவே வெற்றிலை போடும் பழக்கத்தையே விடுவது மேல்.

இத்தனை வருடம் பழகிவிட்டதே, இனி விட்டு என்ன பயன் என்று சிலர் கேட்பதுண்டு. பயன் நிச்சயம் உண்டு. விட்ட பின் ஆண்டுகள் செல்லச் செல்ல அபாயம் குறைந்து, 10 முதல் 20 ஆண்டுகளில் புகைக்காதவரின் நிலையை நெருங்குகிறது. நோன்பு காலத்தில் பகல் முழுவதும் சிகரட்டைத் தொடாமல் இருப்பவருக்கு, விட முடியும் என்பதை அவருடைய உடம்பே காட்டிக் கொடுக்கிறது. இதைச் சண்டையாக அல்லாமல் அன்பாக எடுத்துச் சொல்லுங்கள்.

இடுப்பின் அளவு

அதிக உடற்பருமன், முக்கியமாக வயிற்றில் சேரும் கொழுப்பு, சதையிக்குப் பாரம். அது கூடும்போது உடம்பு இன்சுலினுக்கு இலகுவில் இணங்குவதில்லை. அதை ஈடுசெய்யச் சதையி மேலும் மேலும் சுரக்கிறது. தையல் மெசின் லாச்சியிலுள்ள அளவு நாடாவை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். நம் பிராந்திய மக்களில் பெண்களுக்கு 80 சென்றிமீற்றருக்கும், ஆண்களுக்கு 90 சென்றிமீற்றருக்கும் உட்பட்டிருப்பது நல்லது.

வாரத்தில் ஐந்து நாட்கள், நாளுக்கு அரை மணி நேரம் வேகமாக நடப்பது போதுமான தொடக்கம். பாதையில் நடக்க வசதியில்லாதவர்கள் வளவுக்குள் நடக்கலாம். சோற்றைக் குறைத்து, பீங்கானில் பாதியைக் கீரைச் சுண்டலுக்கும் மரக்கறிக்கும் ஒதுக்குங்கள். நோன்பு திறக்கும்போது தினமும் சமோசா, ரோல்ஸ், பெட்டிஸ் என்றில்லாமல், கஞ்சியோடும் பழத்தோடும் சில நாட்களாவது நிறுத்திக்கொள்ளுங்கள். சொசேஜ் போன்ற பதனிட்ட இறைச்சி பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கும் என 2015இல் அறிவிக்கப்பட்டது. சதையி விடயத்தில் சான்று அவ்வளவு உறுதியானதல்ல. எனினும் பிள்ளைகளுக்கு அதைப் பழக்காமலிருப்பதே நன்று.

சீனி

சீனி நேரடியாக இப்புற்றுநோயைத் தருகிறது என்று சொல்வதற்கில்லை. ஆனால் அது நிறையைக் கூட்டுகிறது. நிறை கூடினால் சீனி வருத்தம் வருகிறது. நாட்பட்ட சீனி வருத்தம் சதையிப் புற்றுநோயின் அபாயத்தைக் கூட்டுகிறது. நாளுக்கு நான்கு கோப்பைத் தேத்தண்ணீர், கோப்பைக்கு மூன்று தேக்கரண்டிச் சீனி என்றால் 12 கரண்டி. மாதத்தில் ஒருவரின் தேத்தண்ணீருக்கு மட்டும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ! உலக சுகாதார நிறுவனம் விரும்பத்தக்கதாகச் சொல்லும் அளவு, எல்லா இனிப்பும் சேர்த்து நாளுக்கு ஆறு கரண்டியளவுதான். வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வந்தால் நாக்கும் பழகிவிடும்.

எல்லா மெலிவும் நல்லதல்ல

50 வயதைத் தாண்டிய ஒருவருக்குப் புதிதாகச் சீனி வருத்தம் காண்கிறது. அதே காலத்தில், எந்த முயற்சியுமின்றி உடம்பும் மெலிகிறது. பார்ப்பவர்கள், "பத்தியம் நல்லா வேலை செய்யுது" என்று பாராட்டுவார்கள். ஆனால் சில வேளைகளில் சதையியிலுள்ள கட்டியே சீனியைக் கூட்டி, உடம்பையும் கரைப்பதுண்டு. பதற வேண்டாம். இவ்வயதில் புதிதாகச் சீனி வருத்தம் கண்டவர்களில், மூன்று ஆண்டுகளுக்குள் இப்புற்றுநோய் வெளிப்படுவது நூற்றுக்கு ஒருவர் அளவிலேதான். எனினும் காரணமில்லாத மெலிவை மறைக்கக் கூடாது. கிளினிக் கொப்பியில் மாதாமாதம் நிறையைக் குறித்து வைத்து, குறைந்தால் வைத்தியரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். வீட்டில் எல்லோருடைய மருந்தையும் நினைவில் வைத்திருக்கும் நாம், நம் உடம்பைப் பற்றி மட்டும் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுகிறோம்.

கண் மஞ்சளாதல், சிறுநீரின் நிறம் கடுத்தல், மலம் வெளிறுதல், உடம்பு அரித்தல், மேல்வயிற்று வலி முதுகுக்குப் பரவுதல், பசியின்மை ஆகியனவும் கவனிக்க வேண்டியவை. இவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் மஞ்சள் கண்டதும் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்து வாரங்களைக் கழிக்காமல், உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோரில் எவருக்காவது இந்நோய் இருந்திருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. நல்ல பழக்கமுள்ளவர்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. ஆகவே நோயாளியைப் பார்க்கச் செல்பவர்கள், "எதைத் தின்றீர்கள், என்ன செய்தீர்கள்" என்று விசாரித்து அவர் மனதைப் புண்படுத்த வேண்டாம். நமது முயற்சி அபாயத்தைக் குறைக்குமே தவிர, முற்றாக நீக்காது. அந்தக் குறைவே ஒரு வீட்டுக்கு ஓர் உம்மாவையோ வாப்பாவையோ மிச்சம் வைக்கும் என்றால், கரண்டியை அளந்து போடுவது பெரிய சிரமமா, சொல்லுங்கள்?