பரீட்சைக்கு வராத ஓர் எண்

3816547290. இந்த எண்ணை எந்த வினாத்தாளிலும் நான் கண்டதில்லை. இருந்தாலும் நம் கல்லூரியில் ஒவ்வொரு மாணவியும் ஒரு தடவையாவது இதனோடு மல்லுக்கட்ட வேண்டும் என்பது என் கருத்து.

0 முதல் 9 வரையான பத்து இலக்கங்களும் இதில் ஒவ்வொரு தடவை மட்டும் வருகின்றன. இடப்பக்கமிருந்து இரண்டு இலக்கங்களை எடுத்தால் 38. அது 2 ஆல் மீதியின்றி வகுபடும். மூன்றை எடுத்தால் 381. 3 ஆல் வகுபடும். 3816 ஐ 4 வகுக்கும், 38165 ஐ 5 வகுக்கும். இப்படியே போய் முழு எண்ணையும் 10 வகுக்கும். பத்து இலக்கங்களையும் கொண்டு இப்படி அமையும் எண் இது ஒன்றே ஒன்றுதான்.

அது எப்படித் தெரியும்? பத்து இலக்கங்களால் 3,265,920 பத்திலக்க எண்களை ஆக்கலாம். நிமிடத்துக்கு ஒன்றாக இரவு பகல் சோதித்தாலும் ஆறு வருடங்கள் தாண்டிவிடும். ஆனால் சிறிய வகுப்புகளில் படித்த வகுபடும் விதிகள் இருந்தால், ஒரு பின்னேரமே போதும். பத்தாம் இடத்தில் 0 தான் வர முடியும். ஆகவே ஐந்தாம் இடம் 5 க்கு. இரட்டை இடங்களில் இரட்டை எண்கள்; அப்படியானால் ஒற்றை இடங்களில் ஒற்றை எண்கள். 4, 8 ஆகியவற்றின் விதிகளைப் போட்டால், நாலாம் இடத்திலும் எட்டாம் இடத்திலும் 2 உம் 6 உம் மட்டுமே நிற்கலாம். பிறகு 3 இன் விதி. இலட்சக்கணக்கான எண்கள் உதிர்ந்து, கடைசியில் மிஞ்சுவது பத்தே பத்து.

அந்தப் பத்தில் 9876543210 உம் ஒன்று! பார்க்க எவ்வளவு ஒழுங்கான எண். ஆனால் 9876543 ஐ 7 ஆல் வகுத்தால் 5 மிஞ்சுகிறது. 7 க்கு இலகுவான விதி கிடையாது. பத்தையும் வகுத்துத்தான் பார்க்க வேண்டும். ஒன்பது விழுந்துவிடும்.

"இதனால் என்ன பிரயோசனம்?" என்று உம்மாமாரும் வாப்பாமாரும் கேட்கலாம். இசட் புள்ளி கூடாது. எனக்கும் அந்தப் புள்ளி தேவைதான், கடந்தகால வினாத்தாள்களை நானும் செய்கிறேன். ஆனால் அங்கே விடை சரியா என்று புள்ளித்திட்டம்தான் சொல்கிறது. இந்த எண்ணில் அதைச் சொல்ல யாரும் வேண்டியதில்லை. வேறு எண் இருக்கவே முடியாது என்பதை ஒரு பிள்ளை தானே காட்டிவிடலாம்.

"பெண் பிள்ளைக்கு இணைந்த கணிதம் கஷ்டம்" என்று சொந்தக்காரர்கள் சொல்வதை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். கஷ்டம்தான், மறுக்கவில்லை. அந்தக் கஷ்டத்தோடு உட்கார்ந்திருக்கும் பழக்கத்தைத் தரம் ஆறிலேயே இப்படியான எண்களால் தந்திருந்தால், உயர்தரத்தில் பிரிவு தெரிவு செய்யும்போது பயந்து ஒதுங்குவோர் குறைவார்கள் என்று நினைக்கிறேன். மாதம் ஒரு பாடவேளை போதும்.

பத்தில் இரண்டைச் சொல்லிவிட்டேன். மீதி எட்டையும் தங்கைமார் கண்டுபிடிக்கட்டும்.