வரைபடத்தில் இல்லாத சேரி

இயற்கை வளப் பாதுகாப்பு முதுகலைப் படிப்பில் எங்கள் முதல் களப்பணி ஒரு கண்மாய்க் கிராமத்தில். ஊர் மக்களைக் கூட்டி, அவர்கள் கையாலேயே வள வரைபடம் வரையவைக்க வேண்டும். கூடிய இடம் கோயில் மண்டபம். கண்மாய், மடை, வரத்துக்கால், மேய்ச்சல் நிலம், களத்துமேடு எல்லாம் கோலமாவில் வந்தன. சேரி மட்டும் வரவில்லை. அந்த மண்டபத்துக்குள் சேரி மக்கள் காலெடுத்து வைக்க முடியாது என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். மாணவர்களில் எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஓர் ஊரின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவன் நான். அறிக்கைக்குச் 'சமூகப் பங்கேற்பு சிறப்பு' என்று மதிப்பெண் போட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தின் கடனைத்தான் இப்போது அடைக்கிறேன்.

இந்தத் துறையின் செல்லச் சொல் 'சமூகம்'. பொதுவளம் என்றால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று 1968இல் ஹார்டின் எழுதினார். அப்படியல்ல, மக்கள் கூடி விதிகள் வகுத்துக் காப்பாற்றவும் செய்கிறார்கள் என்று 1990இல் எலினோர் ஆஸ்ட்ரம் காட்டினார். 2009இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் சொன்ன விதிகளில் முதலாவது, வளத்தின் எல்லையும் அதைப் பயன்படுத்தும் உரிமை உள்ளவர் யார் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது. நம் ஊர்களில் அந்த எல்லை தெளிவாகத்தான் இருக்கிறது. அதற்குப் பெயர் சாதி. இதை எந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்?

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. குடிமராமத்தைப் 'பாரம்பரிய ஒற்றுமை' என்று புகழாத பாடம் இல்லை. அந்த ஒற்றுமைக்கு 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஏன் தேவைப்பட்டது? பல ஊர்களில் மடை திறந்து, வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டி வேலை தலித்துகளுடையது. ஊருக்கெல்லாம் தண்ணீரைப் பங்கிடுகிறவருக்கு, அது பாய்வதற்குப் பெரும்பாலும் சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு ஒற்றுமை பேசுவது வரலாறு அல்ல, வெள்ளையடிப்பு.

இன்னும் ஒரு படி மேலே போனவர்களும் உண்டு. ஒவ்வொரு சாதிக்கும் தனித்தனி வளம், தனித்தனித் தொழில் என்று இருந்ததால் போட்டி குறைந்தது, வளம் சிக்கனமாகப் பயன்பட்டது என்று 1983இல் மாதவ் காட்கிலும் மல்ஹோத்ராவும் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்காகக் காட்கில் பேசியதை மதிக்கிறோம். ஆனால் இந்த வாதத்தை ஏற்க முடியாது. செத்த மாட்டைத் தூக்குவது எந்த மாட்டுக்கான சிக்கனம்? குளத்தில் தண்ணீர் மொள்ளாமல் தாகத்தோடு திரும்பியவரை 'வளத்தைப் பாதுகாத்தவர்' என்று கணக்கெழுதுவதா? சாதி வளத்தைப் பங்கிடவில்லை, வறுமையைத்தான் பங்கிட்டது.

நீரின் தரம் பற்றிய தாளில் அமிலத்தன்மை, கரைந்த ஆக்சிஜன், கோலிஃபார்ம் எல்லாம் படித்தோம். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான தோழர்களும் மகாத் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். உடனே சாதி இந்துக்கள் சாணமும் மாட்டு மூத்திரமும் கலந்து ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். இந்தச் சுத்தத்தின் கோலிஃபார்ம் அளவு என்ன என்று கேட்கும் தேர்வுத்தாள் வேண்டாமா? 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது தெரிந்தபோது, கலந்தது யார் என்று நாடே கேட்டது. தலித் மக்களுக்கென்று தனித் தொட்டி எதற்கு என்பதையும் நீர்வளத் துறை மாணவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

காட்டுக்கு வருவோம். 1992 ஜூன் 20, தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி. சந்தனமரத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் பழங்குடி மக்களின் ஊரைச் சூறையாடின. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011இல் தண்டிக்கப்பட்ட 215 பேரில் 126 பேர் வனத்துறையினர். 2023இல் உயர்நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. நாளை வனச்சரகராகப் போகும் மாணவர், இந்தத் தீர்ப்பைப் படிக்காமல் பட்டம் வாங்கலாம் என்றால் அந்தப் பட்டம் எதைப் பாதுகாக்கிறது?

'அறிவியலில் எதற்குச் சாதியை இழுக்கிறீர்கள்?' என்பார்கள். மழைக்குச் சாதி இல்லை, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மழைநீர் எந்தக் கால்வாயில் போகும், எந்த வயலில் நிற்கும், எந்தத் தெருவை மூழ்கடிக்கும் என்பதில் சாதி இருக்கிறது. அதை அளக்காத ஆய்வு, பாதித் தரவை மறைத்த ஆய்வு. இதை அரசியல் கோரிக்கையாக மட்டும் சொல்லவில்லை, அறிவியல் கோரிக்கையாகவும் சொல்கிறோம்.

ஆகவே தம்பி தங்கைகளே, இந்தத் துறையை விட்டு ஓடாதீர்கள். கூட்டமாக உள்ளே வாருங்கள். களப்பணிக்குப் போனால் முதலில் கூட்டம் நடக்கும் இடத்தைப் பாருங்கள். எல்லாரும் நுழைய முடியாத இடம் என்றால் மாற்றச் சொல்லுங்கள். கிணறு, சுடுகாடு, மீன் ஏலம், மேய்ச்சல் எதுவானாலும் யாருக்கு உரிமை, யாருக்கு மறுப்பு என்று குறியுங்கள். 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் அந்த ஊரில் எங்கே, இப்போது யார் கையில் என்று வருவாய்ப் பதிவேட்டில் தேடுங்கள். மதிப்பெண் குறையலாம். குறையட்டும்.

எனக்கு அன்று கிடைத்த மதிப்பெண் இன்னும் சான்றிதழில் இருக்கிறது. நாங்கள் வரையாமல் விட்ட சேரியும், கண்மாய்க்குக் கீழ்ப்புறம், அதே இடத்தில்தான் இருக்கிறது.