மூடியிலே 450 வாட், உள்ளே எவ்வளவு?

மதுரை, மேலூர், உசிலம்பட்டி ஜெராக்ஸ் கடைகளுக்குக் கம்ப்யூட்டர்தான் சோறு போடுது. அதற்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.சில் போய் மிச்சம் பிடிக்கலாமா?

மூடியில் "450 வாட்" என்று கொட்டை எழுத்து. அதை நம்பி ஏமாறாதீங்க! பக்கத்துச் சீட்டில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்க. இரண்டையும் பெருக்குங்க. 16 ஆம்பியர் என்றால் 192 வாட்தான்! இன்றைய கம்ப்யூட்டர் பெரும்பாலும் இழுப்பது இந்த 12 வோல்ட்டில்தான்.

கையில் தூக்கினால் பஞ்சு மாதிரி இருக்கா? உள்ளே காயிலிலும் ஹீட்சிங்கிலும் சிக்கனம் பிடித்திருக்கலாம்.

வோல்டேஜ் எகிறினால், பாதுகாப்பு இல்லாத மட்டச் சரக்கு தான் மட்டும் போகாது. மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

மிச்சம் சில நூறு. நட்டம் பல ஆயிரம். கடைக்காரர்கள் மூடியைக் காட்டாமல் சீட்டைக் காட்டி விற்கட்டும்!