பேசிப் பாராமலே ஒரு முடிவா?



ஒரு கருத்தை எத்தனை பேர் நம்புகிறார்கள் என்று அறிவியல் கேட்பதில்லை. அது சோதிக்கப்பட்டதா என்றுதான் கேட்கிறது. வகுப்பறையில் இதை ஒப்புக்கொள்ளும் நாம், பஸ்ஸில் ஏறியதும் மறந்துவிடுகிறோம். "பக்கத்தில் இருப்பவர் முன்பின் தெரியாதவர். பேச்சுக் கொடுத்தால் அவருக்குத் தொந்தரவு, நமக்கும் சங்கடம்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இதை யாராவது சோதித்ததுண்டா?

உண்டு. அமெரிக்காவிலுள்ள சிக்காகோ பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் எப்ளி, ஜூலியானா ஷ்ரோடர் என்னும் ஆய்வாளர்கள் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சிக்காகோவுக்கு வேலைக்குச் செல்லும் ரயில் பயணிகளை அவர்கள் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவினர் அருகில் இருக்கும் அந்நியருடன் உரையாட வேண்டும். இரண்டாம் குழுவினர் எவருடனும் பேசாமல் தனித்திருக்க வேண்டும். மூன்றாம் குழுவினர் வழக்கம்போல் பயணம் செய்யலாம். பயணம் எப்படி இருந்தது என்பதை எல்லோரும் பிறகு வினாத்தாளில் குறித்துத் தரவேண்டும்.

யார் எந்தக் குழு என்பது அவரவர் விருப்பத்துக்கு விடப்படவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் பிரிக்கப்பட்டது. ஏன் தெரியுமா? விருப்பத்துக்கு விட்டால், கலகலப்பானவர்கள் எல்லாம் முதல் குழுவில் சேர்ந்துவிடுவார்கள். பிறகு மகிழ்ச்சிக்குக் காரணம் பேச்சா, அவர்களுடைய சுபாவமா என்று பிரித்தறிய முடியாது.

முடிவு என்ன? உரையாடியவர்களின் பயணமே இனிமையாக இருந்தது. ஆனால், ஊகித்து மட்டும் சொல்லுமாறு கேட்கப்பட்ட வேறு பயணிகளோ, தனித்திருப்பதே இனிது என்று நேர்மாறாகச் சொன்னார்கள்! பின்னர் லண்டன் ரயில் பயணிகளிடம் நடத்திய ஆய்விலும் உரையாடியவர்களின் பயணமே இனிமையாக இருந்தது.

ஊகம் ஏன் பொய்த்தது? அடுத்தவருக்குப் பேச விருப்பம் குறைவு என்று ஒவ்வொருவரும் எண்ணியதே காரணம் என்கின்றனர் ஆய்வாளர்கள். இதன் விளைவை நினைத்துப் பாருங்கள். அவருடைய மௌனம் என் எண்ணத்துக்குச் சான்றாகிறது. என் மௌனம் அவருடைய எண்ணத்துக்குச் சான்றாகிறது. சோதனையே நடப்பதில்லை, எனவே பிழையும் திருந்துவதில்லை.

இதில் ஒரு பயணத்தின் இனிமை மட்டும் வீணாகிறது என்றால் நான் கவலைப்பட மாட்டேன். பள்ளியைப் பெருக்கும் அம்மாவை நீங்கள் ஐந்தாண்டுகளாகப் பார்க்கிறீர்கள். அவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? வாயிற்காவலருக்கு என்றேனும் வணக்கம் சொன்னதுண்டா? "அவர்களோடு நமக்கென்ன பேச்சு?" என்பதும் சோதிக்கப்படாத ஊகமே. மனிதர்களுக்கிடையே எழுப்பப்பட்ட பல சுவர்கள் இத்தகைய ஊகங்களின் மேல்தான் நிற்கின்றன என்பது என் கருத்து.

"தெரியாதவர்களிடம் பேசாதே என்று வீட்டில் சொல்கிறார்களே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த ஆய்வு பெரியவர்களிடம், பலர் கூடியிருந்த ரயிலில் நடந்தது. நீங்களும் பலர் இருக்கும் இடத்தில் மட்டும் பேசுங்கள். முகவரியோ தொலைபேசி எண்ணோ தர வேண்டாம். யாரும் கூப்பிட்டால் உடன் செல்லவும் வேண்டாம். மனத்துக்குச் சரியாகப் படவில்லையென்றால் உடனே விலகிவிடுங்கள்; அது மரியாதைக் குறைவு ஆகாது. அதுபோலவே, எதிரில் இருப்பவர் பேச விரும்பவில்லை என்று தெரிந்தால் அவரை விட்டுவிடுவதும் அன்புதான்.

இனி, நீங்களே ஒரு சோதனை செய்யலாம். நாள்தோறும் பார்த்தும் பேசியிராத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். பள்ளிக் காவலராக இருக்கலாம். நீங்கள் செல்லும் பஸ்ஸின் கண்டக்டராகவும் இருக்கலாம். பேசினால் என்ன நடக்கும் என்ற உங்கள் ஊகத்தை முதலில் நோட்டில் எழுதுங்கள். பிறகு வணக்கம் சொல்லி இரண்டு வார்த்தை பேசுங்கள். நடந்ததை ஊகத்துக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒரே முறை செய்த சோதனை போதாது என்று உங்களுக்குத் தெரியும். பத்து முறை செய்யுங்கள். பிறகு இரண்டு பத்திகளையும் ஒப்பிட்டு, முடிவை நீங்களே எழுதுங்கள்.