வீட்டு வரியில் பத்துக் காசு

வீடு வைத்திருக்கும் வாசகர்கள் இன்று ஒரு சிறு காரியம் செய்ய வேண்டுமென்று கேட்டுக் கொள்கின்றோம். பெட்டியிலோ பரண்மீதோ கிடக்கும் வீட்டு வரி ரசீதை எடுத்து ஒருதரம் நிதானமாய் வாசித்துப் பாருங்கள். பல ஊர்களின் ரசீதில் நூலக வரி என்று தனியாகவே ஓர் இனம் போட்டிருக்கும். சொத்து வரி ரூபாய் ஒன்றுக்குப் பத்துக் காசு வீதம் அது வசூலாகின்றது. அதாவது ஆயிரம் ரூபாய் வரி விதிக்கப்பட்டவர் நூறு ரூபாய் புத்தகசாலைக்கென்று கொடுக்கின்றார். சொந்த வீடில்லாத குடித்தனக்காரரும் இதில் தப்புவதில்லை. வீட்டுக்காரர் கட்டும் வரி கடைசியில் வாடகையில்தான் வந்து விடிகின்றது. ஆகவே புத்தகசாலை என்பது சர்க்கார் நமக்குப் போடும் பிச்சையல்ல. நாம் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கும் சொத்து. இதை முதலில் மனதில் நிறுத்திக் கொள்ளும்படி கேட்டுக் கொண்டு விஷயத்திற்கு வருவோம்.

இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததல்ல. 1948ம் வருஷத்தில், அவினாசிலிங்கம் அவர்கள் கல்வி மந்திரியாயிருந்தபோது, சென்னைச் சட்டசபையில் பொது நூலகச் சட்டம் நிறைவேறி, 1950ல் அமுலுக்கு வந்தது. சுதந்திரத்திற்குப் பின் இந்நாட்டு மாகாணங்களில் இப்படியொரு சட்டம் செய்தது நமது மாகாணம்தான் முதல். சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் என்பவர் வருஷக்கணக்காய் வற்புறுத்தி வந்ததன் பலன் அது. நூலகத்துக்கென்று வசூலாகும் பணம் நூலகத்துக்கே போய்ச் சேர வேண்டும், வேறு செலவில் கரைந்து போகக்கூடாது என்பதே வரியைத் தனியாய் வைத்ததன் நோக்கம். நகரசபையும் பஞ்சாயத்தும் வசூல் செய்ய வேண்டியது. செய்ததை ஜில்லா நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டியது. அவ்வளவுதான் அவர்கள் வேலை.

ஆனால் நடப்பதென்ன? வசூலித்த பணத்தைப் பல ஸ்தல ஸ்தாபனங்கள் காலத்தில் ஒப்படைக்காமல் பாக்கி வைத்து விடுகின்றன என்பது பத்திரிகைகளில் பலமுறை வெளிவந்த சங்கதி. நாம் ஒரு மாதம் வரி பாக்கி வைத்தால் நோட்டீஸ் வருகின்றது. சில ஊர்களில் வீட்டு வாசலில் குப்பைத் தொட்டியைக் கொண்டுவந்து வைத்து மானத்தை வாங்கியதும் உண்டு. நம்மிடம் வாங்கிய பணத்தை வருஷக்கணக்காய்ப் பாக்கி வைத்திருக்கும் ஸ்தாபனத்தின் வாசலில் எந்தத் தொட்டியை வைப்பது என்று கேட்கின்றோம்.

“புத்தகசாலைக்குப் பணம் போகாவிட்டால் யார் குடி முழுகிப் போகின்றது?” என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்காக நமக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் நிலைமையை எடுத்துச் சொல்லுகின்றோம்.

அவர் நமது சிநேகிதர் ஒருவரின் மகள். வயது இருபத்து நாலு. ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. காலை ஒன்பதரை மணிக்குப் போனால் இரவு ஒன்பது மணிக்குத்தான் விடுதலை. கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார ஆசனம் போட வேண்டுமென்று 2021ல் சட்டம் வந்த பிறகும், அவருடைய கடையில் ஆசனம் இருக்கின்றதே தவிர உட்கார நேரம் இருப்பதில்லை. இந்தப் பெண் ஒரு நாவல் எழுதுகின்றார். அவருடைய பாட்டன் தறி நெய்தவர். தகப்பனார் தறியை விற்றுவிட்டுச் சாயப்பட்டறைக்குப் போனவர். மகள் பிறர் நெய்த துணிக்குப் பில் போடுகின்றார். மூன்று தலைமுறையின் இந்தக் கதையை எழுதி வைக்க வேண்டுமென்பது அவருடைய ஆசை. நாம் படித்துப் பார்த்த நாற்பது பக்கத்தைக் கொண்டு சொல்லுவதானால், இது எழுதப்பட வேண்டிய கதை என்பதே நமது அபிப்பிராயம்.

வீடோ ஒரே அறை. இரவு பத்து மணிக்கு மேல் விளக்கு எரிந்தால், விடியற்காலை எழுந்து வேலைக்குப் போக வேண்டிய தகப்பனாருக்குத் தூக்கம் கெடுகின்றது. அதனால் சமையற்கட்டில் கதவைச் சாத்திக் கொண்டு தரையில் உட்கார்ந்து எழுதுகின்றார். “பகலில் ஒரு மேஜையும் நாலு புத்தகமும் கிடைத்தால் போதும் மாமா” என்று ஒருநாள் நம்மிடம் சொன்னார். மேஜையும் புத்தகமும் தெருக்கோடியில் கிளை நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் அவர் வேலைக்குப் போகும் முன் எழுத உட்கார அங்கே நேரமில்லை. திரும்பும்போது அது பூட்டிக் கிடக்கின்றது. கடையில் அவருக்கு வாரத்தில் ஒருநாள் லீவு. முறை வைத்ததில் அவருக்கு விழுந்தது வெள்ளிக்கிழமை. கிளை நூலகத்துக்கும் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை! எப்போதாவது கடையில் முறை மாறிக் கிடைத்த நாட்களில் போய்ப் பார்த்தால், மின்விசிறி சுற்றுவதில்லை. பெண்கள் ஒதுங்க இடமில்லை. நெசவுத் தொழிலைப் பற்றிக் கேட்ட புத்தகம் இல்லை. ஆசைப்பட்டு எடுத்த நாவலில் இரண்டாம் பாகம் இருக்கின்றது, முதல் பாகம் இல்லை. நூலகரைக் கோபித்துக் கொள்வதில் பயனில்லை. ஒரே ஆளாய் இருந்துகொண்டு கூட்டுவதும் அவரே, கணக்கு எழுதுவதும் அவரே.

எழுத்து என்பது பிறவியிலே வருவது, நாவிலே தேவி வந்து எழுதிவிட்டுப் போவது என்று நம்மவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கின்றார்கள். இது சுத்தப் புரட்டு. எழுத்து வருவது படிப்பினாலும் நேரத்தினாலும் பேசிப் பார்க்க நாலு பேர் இருப்பதினாலும்தான். ஜெயகாந்தன் பள்ளிப் படிப்பை முடித்தவரல்ல. ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அவருக்கு 2002ம் வருஷத்திய ஞானபீடப் பரிசு கிடைத்தது. அவர் நாவில் எந்தத் தேவி எழுதினாள்? சென்னையில் கட்சி ஆபீசில் புத்தகமும், படித்த தோழர்களும், அச்சுக்கூடமும் சிறு வயதிலேயே அவருக்குக் கிடைத்தன. அண்ணாதுரை அவர்கள் கன்னிமரா நூலகத்தில் மணிக்கணக்காய் உட்கார்ந்து படித்த சங்கதி ஊரறிந்தது. அப்படிப்பட்ட இடம் கிடைக்காமல் போன எத்தனை பேர் எழுதாமலே செத்தார்கள் என்பதற்கு யாரிடம் கணக்கிருக்கின்றது?

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி விடுகின்றோம். நாம் ஒன்பதாம் வகுப்போடு நின்று அச்சாபீசில் பையனாய்ச் சேர்ந்தவர்கள். இன்று நாலு வரி தப்பில்லாமல் எழுதுகின்றோம் என்றால் அது ஓட்டுக் கூரை போட்ட ஒரு கிளை நூலகம் கொடுத்தது. அங்கே எந்தச் சாதி என்று எவரும் நம்மைக் கேட்கவில்லை. மார்க்கு எத்தனை என்று கேட்கவில்லை. கையெழுத்துப் போடு, உட்கார் என்றார்கள். நமது நாட்டில் இப்படிச் சொல்லும் இடங்கள் எத்தனை இருக்கின்றன என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

இனி, எதிர்த்தரப்பார் சொல்லும் சமாதானங்களைப் பார்ப்போம்.

“கைப்பேசியில் எல்லாம் கிடைக்கின்றதே, புத்தகசாலை எதற்கு?” என்பது ஒன்று. கைப்பேசியில் புத்தகம் கிடைக்கலாம், மேஜை கிடைக்குமா? ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் அமைதி கிடைக்குமா? இதைச் சொல்லுகின்றவர்கள் யாரென்று பார்த்தால், வீட்டில் தனியறையும் அதில் புத்தக அலமாரியும் உள்ளவர்களாகவே பெரும்பாலும் இருக்கின்றார்கள்.

“சென்னையிலும் மதுரையிலும் பிரம்மாண்டமாய்க் கட்டியிருக்கின்றோமே” என்பது மற்றொன்று. கட்டியது நல்ல காரியம். நாம் மனதாரப் பாராட்டுகின்றோம். கோட்டூர்புரத்தில் 2010ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை மறுவருஷமே குழந்தைகள் ஆஸ்பத்திரியாக்கப் போவதாக அப்போதிருந்த சர்க்கார் அறிவித்தபோது, ஜனங்கள் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியல்லவா அதைக் காப்பாற்றினார்கள்! மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023ல் திறக்கப்பட்டது. ஆனால் பில் போடும் பெண் இரவு ஒன்பது மணிக்குப் பஸ் ஏறி மதுரைக்குப் போக முடியுமா? 1931ல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகத்தை ஏற்றிக் கிராமம் கிராமமாய்க் கொண்டுபோனார்கள். புத்தகம் ஜனங்களைத் தேடிப் போக வேண்டும் என்பதே அந்த வண்டியின் தத்துவம். வரியே இல்லாத அந்தக் காலத்தில் மாடு போன தூரம், வரி கொடுக்கும் இந்தக் காலத்தில் போகவில்லை என்றால் அது யாருக்கு வெட்கக்கேடு?

எழுதுகின்றவருக்கு நூலகத்தால் வேறொரு பிழைப்பும் உண்டு. தமிழில் புதிதாய் நாவல் எழுதுகின்றவரிடம் சில பதிப்பாளர்கள், “அச்சுச் செலவில் பாதி நீங்களே கொடுங்கள்” என்கின்றார்கள். இந்தப் பெண்ணிடமும் அப்படித்தான் ஒருவர் கேட்டார். நூலகங்கள் பிரதிகள் வாங்கும் என்ற நம்பிக்கை இருந்தால் பதிப்பாளர் துணிந்து அச்சடிப்பார். கொள்முதல் நின்றுபோகும் வருஷங்களில் முதலில் தள்ளுபடியாவது பெயர் தெரியாத புது எழுத்தாளர்தான். மேல்நாடுகளில் இதற்கும் ஒரு படி மேலே போயிருக்கின்றார்கள். நூலகத்தில் இருக்கும் புத்தகத்துக்காக ஆசிரியருக்குச் சர்க்கார் பணம் கொடுக்க வேண்டுமென்று டென்மார்க்கில் 1946லேயே சட்டம் செய்தார்கள். பிரிட்டனில் 1979ல் சட்டமாகி, 1984 முதல் பணம் கொடுத்து வருகின்றார்கள். அங்கே ஒரு புத்தகம் எத்தனை தடவை இரவல் போகின்றதோ அதற்குத் தக்கபடி ஆசிரியருக்கு ஒரு தொகை. ஒரே ஆசிரியருக்கு அளவுக்கு மேல் போய்விடாதபடி உச்ச வரம்பும் உண்டு. படிக்கின்றவருக்கு இலவசம், எழுதுகின்றவருக்குக் கூலி. இந்தியாவிலோ இப்படியொரு ஏற்பாடே இல்லை. கூலி கொடுக்காவிட்டாலும் போகட்டும், எழுத உட்காரும் நாற்காலியையாவது கொடுங்கள் என்று கேட்கும் நிலைமையில் நாம் இருக்கின்றோம்.

நாம் கேட்பது அதிகமல்ல. நூலக வரி எவ்வளவு வசூலாயிற்று, எவ்வளவு ஒப்படைக்கப்பட்டது, எவ்வளவு பாக்கி என்பதை ஒவ்வொரு நகரசபையும் பஞ்சாயத்தும் வருஷா வருஷம் தங்கள் வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். வேலைக்குப் போகின்றவர்கள் வரக்கூடிய நேரத்தில், வாரத்தில் இரண்டு நாளாவது இரவு பத்து மணிவரை நூலகம் திறந்திருக்க வேண்டும். அதற்கு ஆள் போட வேண்டும். பெண்களுக்கு ஒதுங்க இடம் வேண்டும். புத்தகக் கொள்முதல் வருஷந்தவறாமல் நடக்க வேண்டும். அதில் முதல் புத்தகம் எழுதியவர்களுக்கென்று ஒரு பங்கு வைக்க வேண்டும். இதற்குப் புது வரி எதுவும் போட வேண்டியதில்லை. வாங்கிய பணம் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தாலே பெரும்பகுதி நடந்துவிடும்.

தோழர்களே! கோபித்துக் கொண்டு வீட்டில் இருப்பதில் பயனில்லை. 2005ம் வருஷத்திய தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம் போட்டால், உங்கள் ஊர் நூலக வரி பாக்கி எவ்வளவென்று பதில் சொல்ல வேண்டியது அதிகாரிகள் கடமை. ஊருக்கு ஒருவர் இதைச் செய்யும்படி கேட்டுக் கொள்கின்றோம். நமது ஊருக்கு நாம் போட்டாயிற்று. அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தது அந்தப் பெண்தான். பதில் வந்ததும் இப்பத்திரிகையில் அப்படியே வெளியிடுவோம்.