வெளியே போக முடியாத ஸ்டேஷன்

ஜப்பானில் யோகோஹாமா பக்கம் உமி-ஷிபாவுரான்னு ஒரு குட்டி ரயில்வே ஸ்டேஷன் இருக்கு. 1940-ல் திறந்தது. பிளாட்பாரத்தில் நின்னு எட்டிப் பார்த்தா கீழே கடல் தண்ணி! ஆனா வெளியே போற வழி நேரா தோஷிபா தொழிற்சாலைக்குள்ள போகுது. கம்பெனி அட்டை இல்லாதவங்களுக்கு அனுமதி கிடையாது.

'செக்யூரிட்டி, சார்'னு கையை விரிச்சிருந்தா யாரும் கேட்டிருக்க முடியாது. தினமும் கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டுப் போற எனக்கு அந்த வசனம் நல்லாவே பழக்கம் :)

தோஷிபா அப்படிச் சொல்லலை. 1995-ல் தன்னோட இடத்துலயே, பிளாட்பாரத்தை ஒட்டி ஒரு சின்னப் பூங்கா போட்டுக் கொடுத்தது. தொழிற்சாலை கேட்டைத் தாண்டாமலே அங்க உட்கார்ந்து கடலையும் ட்சுருமி ட்சுபாசா பாலத்தையும் பார்க்கலாம்.

பூட்டு போடறது தப்பில்லைங்க. ஆனா கடலை மறைச்சு பூட்டு போடறவங்க, வர்றவங்களுக்கு ஒரு திண்ணையாவது விடணும். அதுக்குப் பெரிய மனசுகூட வேணாம், கொஞ்சம் இடம் போதும்.